ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்

ஆவடியை அடுத்த எங்கள் பங்கில் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளின் வகுப்பில், சென்ற ஆண்டு ஒரு சிறுமி கன்னத்தைக் கையில் தாங்கியபடி அமர்ந்திருந்தாள். வினவியபோது, கீழ்க் கடைவாயில் சொத்தையாகிவிட்ட பல் ஒன்றை முந்தின நாள் எடுத்துவிட்டதாகக் கூறினாள். அழைத்துப்போக வந்த தாயாரோ, "பால்பல்தானே ஃபாதர், மறுபடி முளைச்சிடும்" என்றார். மாதங்கள் பல சென்றும் முளைக்கவில்லை. இனி முளைக்கவும் போவதில்லை. அது பால்பல்லே அன்று.

இப்பிழை நம் குடும்பங்களில் சாதாரணமாக நிகழ்வது. குழந்தையின் 20 பால்பற்களும் வாயில் இருக்கும்போதே, ஏறத்தாழ ஆறாம் வயதில், அவற்றுக்கும் பின்னால் மேலும் கீழும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு நிலைப்பற்கள் எழுகின்றன. எந்தப் பல்லும் விழாமல் இவை ஓசையின்றி வந்து நிற்பதால், இவற்றையும் பால்பல் என்றே பெற்றோர் கருதிவிடுகின்றனர். இவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. மிட்டாயும் பிஸ்கட்டும் அங்கே தங்கினால் சொத்தை விரைவில் வந்துவிடும்.

ஒரு பல் போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். அதில் கல் அசையாது. மேலிருக்கும் குழவியே சுழலும். வாயில் இது தலைகீழ். மேல்தாடை மண்டையோட்டுடன் பிணைந்து அசையாதிருக்க, கீழ்த்தாடையே வேலை செய்கிறது. இரு காதுகளுக்கும் முன்பாக விரல் வைத்து வாயை மெல்லத் திறந்தால், அங்கே இரு குமிழ்கள் முதலில் கதவுக் கீல்போல் திரும்பிப் பின் முன்னோக்கி வழுக்குவதை உணரலாம். இரண்டும் ஒரே எலும்பின் இரு நுனிகள். ஆகவே ஒன்று தனித்து அசைய இயலாது. இவ்வளவு தாராளமாக அசையும் தாடை வாயை மூடும்போது எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதைப் பற்களே தீர்மானிக்கின்றன. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தி அமர்வதே அந்த நிறுத்தம்.

அப்பொருத்தத்துக்கு முதற்கல் நாட்டுவது இந்த ஆறு வயதுப் பல். அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1899-இல் பல்வரிசைக் கோளாறுகளை மூவகையாகப் பிரித்தபோது இப்பல்லையே அளவுகோலாகக் கொண்டார். 1953-இல் தோன்றிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், 1988-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் தொடங்கப்பெற்ற சவீதா பல் மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்கள் அப்பகுப்பை இன்றும் பயில்கின்றனர்.

அப்பல் அகன்றால், பின்னால் முளைக்கும் பல் வெற்றிடத்தை நோக்கிச் சாய்கிறது. எதிரேயுள்ள மேற்பல் தடுப்பாரின்றிக் கீழிறங்குகிறது. தாடை பக்கவாட்டில் நகரும்போது அது இடிக்கும். பிள்ளை அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கமே மெல்லப் பழகிவிடும். மருத்துவரே திட்டமிட்டு அப்பல்லை எடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. பால்பல் என்று எண்ணி எடுப்பது வேறு. பள்ளங்களை முன்னதாகவே பூசி அடைத்துவிட்டால் பெரும்பாலும் சொத்தை அணுகாது. கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குச் செலவும் குறைவே.

பெரியோருக்கும் ஒரு வார்த்தை. மேலும் கீழும் பற்கள் எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பதே இயல்பு என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க, பற்களிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் காதுவலி என்று பல மாதம் அலைந்தார். காதில் குறையேதுமில்லை. இயந்திரத்தின் முன் நிற்கையில் அறியாமலே பல்லைக் கடித்து இறுக்கியதால் வந்த தசைவலி அது. இத்தகைய வலிக்கு முற்காலத்தில் பற்களைத் தேய்த்துச் சமன் செய்வதுண்டு. தேய்த்த பல் திரும்ப வளராது. ஆதலின் இப்போது அதில் முதலில் கைவைப்பதில்லை. பற்களைப் பிரித்துவைக்கும் பழக்கம், வெந்நீர் ஒத்தடம், சில நாள் மெதுவான உணவு, இவற்றிலேயே அவருக்குப் பெரும்பாலும் குணமாயிற்று.

அச்சிறுமிக்கு மீதமுள்ள மூன்று பற்களின் பள்ளங்களையும் அடைத்துவிட்டார்கள். அவள் தம்பிக்கு வரும் மாதம் ஆறு வயது நிறைகிறது. தாயார் இப்போதே நாள்தோறும் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாராம்.