வெள்ளைச் சர்க்கரை: அளவு மீறினால் உடலில் நிகழ்வது என்ன?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தினர் எங்கள் உணவியல் பிரிவில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சீனிக்குப் பதிலாக வெல்லம் சேர்த்துக்கொள்ளலாமா?" இதற்கு விடை கூறும் முன், நாள்தோறும் எவ்வளவு சர்க்கரை உண்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

நாம் உண்ணும் அளவு

மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். ஒருவர் நாளொன்றுக்கு நான்கு முறை காபியோ தேநீரோ அருந்தி, ஒவ்வொரு முறையும் 2 தேக்கரண்டி சேர்த்துக்கொண்டால், அதுவே 32 கிராம் ஆகிறது. ஓராண்டில் இது 11 கிலோவுக்கு மேல். பிஸ்கட், இனிப்புப் பண்டங்கள், குளிர்பானங்கள் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

ஒரு நாளில் பெறும் மொத்த ஆற்றலில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் குறைத்தால் மேலும் நன்மை உண்டு. தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையும் இவ்வளவில் அடங்கும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ளது அடங்காது.

உடலில் நிகழும் மாற்றங்கள்

வெள்ளைச் சர்க்கரை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸை உடலின் எல்லா உறுப்புகளும் பயன்படுத்துகின்றன. ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலைச் சென்றடைகிறது. தேவைக்கு மேல் வந்து சேருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. மது அருந்தாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்புப் படிவதற்கும், இரத்தத்தில் டிரைகிளிசரைடு உயர்வதற்கும் இது ஒரு காரணம்.

சர்க்கரை உண்பதனால் மட்டுமே நீரிழிவு வந்துவிடுவதில்லை. மரபு, உடல் எடை, உடலுழைப்பின்மை ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எனினும், மிகுதியான சர்க்கரை எடையைக் கூட்டி, இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலைக்கு உடலைத் தள்ளுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. இந்த இரண்டாம் பிரிவினர் உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்துகொண்டால் நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும்.

பற்களும் பாதிப்புறுகின்றன. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது.

வெல்லம் ஏற்றதா?

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றில் சிறிதளவு தாதுக்கள் உள்ளன. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். இரத்தச் சர்க்கரையை அவையும் உயர்த்துகின்றன. ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் "வெல்லம்தானே" என்று அளவின்றிச் சேர்ப்பது தீங்கு விளைவிக்கும்.

நோயாளிக்குக் கொண்டு வருபவை

நோயாளியைக் காண வருவோர் பிஸ்கட், புட்டிப் பழச்சாறு, சத்துமாவு பானம் ஆகியவற்றை அன்புடன் வாங்கி வருகின்றனர். அவற்றில் சர்க்கரை எவ்வளவு என்பதை உறையின் பின்புறம் காணலாம். சர்க்கரை மட்டுமன்றி, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பெயர்களையும் கவனியுங்கள். 'ஆரோக்கிய பானம்' என்னும் பிரிவிலிருந்து இத்தகைய பானங்களை நீக்குமாறு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அடுத்த முறை கொய்யா, வேகவைத்த சுண்டல் போன்றவற்றைக் கொண்டு வரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

சர்க்கரை தேவைப்படும் நேரம்

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால், இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். 70 மி.கி.க்குக் கீழ் இருந்தாலோ, உடனே சோதிக்க இயலாவிட்டாலோ, 3 முதல் 4 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்; உயரவில்லையெனில் மறுமுறையும் அதே அளவு கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கலாகாது. உடனே 108ஐ அழையுங்கள். எனவே, நீரிழிவு உள்ளவர் வீட்டில் சர்க்கரைப் புட்டியை அறவே அகற்றிவிட வேண்டாம்.

குறைக்கும் வழி

ஒரே நாளில் நிறுத்த முயல்வோர் பலர் சில நாள்களிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றனர். வாரத்திற்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாவும் அச்சுவைக்குப் பழகிவிடும். நோயாளிக்கு மட்டும் தனிக் காபி என்றில்லாமல், குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்தே குறைப்பது அவருக்குத் துணையாக இருக்கும், பிள்ளைகளுக்கும் காப்பாகும். உணவு குறித்த ஐயங்கள் இருப்பின், வீட்டில் பயன்படுத்தும் பொருள்களின் உறைகளுடன் எங்கள் உணவியல் பிரிவுக்கு வாருங்கள். உங்களுக்கேற்ற அளவை உங்களுடன் அமர்ந்து வகுத்துத் தருகிறோம்.