காணாமல் போன குளத்தைக் கண்டுபிடிப்போமா?

குட்டீஸ்! புதுக்கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே யாரிடமாவது முகவரி கேட்டுப் பாருங்கள். ‘கீழ மூணாம் வீதி’, ‘தெற்கு நாலாம் வீதி’ என்று கணக்கு வாத்தியார் மாதிரி பதில் வரும்!

ஏன் இப்படி எண்களில் தெருப் பெயர்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜயரகுநாதராய தொண்டைமான் ஆட்சியில், இந்த ஊரைத் திட்டம் போட்டுத் திருத்தி அமைத்தார்கள். தஞ்சாவூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் இதற்கு யோசனை சொன்னார். நடுவில் அரண்மனை. அதைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள். அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி... கிராஃப் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி! திசையும் எண்ணும் தெரிந்தால் போதும், வழி கேட்காமலே போய்விடலாம்.

ஆனால், உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பார்த்த புதுக்கோட்டையும் நீங்கள் பார்க்கும் புதுக்கோட்டையும் ஒன்றா? இல்லவே இல்லை. அன்று மன்னர் வாழ்ந்த புது அரண்மனைதான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அப்படியானால் அந்தப் பழைய ஊரை எங்கே போய்ப் பார்ப்பது?

அதற்குத்தான் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சைக்கிள் கதை.

2004ஆம் ஆண்டு. லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞருக்கு ஒரு வருத்தம். நம் தெருவின் வரைபடத்தை நாமே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று! அவர் ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். போன பாதையெல்லாம் கோடாகப் பதிந்தது. ‘நான் என் தெருவை வரைகிறேன், நீங்கள் உங்கள் தெருவை வரையுங்கள். சேர்த்தால் உலகம்!’ இதுதான் அவருடைய யோசனை. அப்படிப் பிறந்ததுதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப். உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் சம்பளம் இல்லாமல் வரைகிறார்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 2010இல் ஹைத்தி நாட்டில் நிலநடுக்கம் வந்தபோது, தொலைதூர நாடுகளில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அதன் தெருக்களைச் சில நாட்களிலேயே வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் அதை வைத்து வழி கண்டுபிடித்தார்கள்.

(சைக்கிள் என்றதும் நம் புதுக்கோட்டைக்கும் ஒரு பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் பாட்டியே அதில் ஒருவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்!)

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. இன்று கண்ணால் பார்க்க முடிவதை மட்டும்தான் வரையலாம். இடிந்துபோன கட்டடம், தூர்ந்துபோன குளம் எதற்கும் இடமில்லை. அதுவும் சரிதானே? அவசரத்தில் போகும் ஆம்புலன்ஸ், நூறு வருடத்துக்கு முன் இருந்த சாலையைத் தேடி அலைந்தால் என்ன ஆவது!

பழசுக்கென்றே ஒரு தம்பி பிறந்தான். பெயர், ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப். இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘பிறந்த’ ஆண்டும் ‘மறைந்த’ ஆண்டும் எழுதலாம். திரையில் ஆண்டைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கும். அதை நகர்த்தினால் வரைபடம் அந்தக் காலத்துக்குப் போய்விடும்.

நம் மாவட்டத்தை யாராவது முழுதாக வரைந்துவிட்டால் எப்படி இருக்கும், தெரியுமா? பட்டையை 1900இல் வையுங்கள். தொண்டைமான் சமஸ்தானம். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று மூன்றே தாலுகாக்கள். ரயில் பாதை கிடையாது. 1929க்கு நகர்த்துங்கள். திருச்சியிலிருந்து ஒரு தண்டவாளம் வந்து சேரும். 1930இல் அது மானாமதுரை வரை நீளும். 1948இல் சமஸ்தானத்தின் எல்லைக்கோடு மறைந்து, திருச்சி மாவட்டம் அதை விழுங்கிவிடும். 1974 ஜனவரி 14, பொங்கல் நாள். டும்! புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும். அப்போதுதான் ஒரு வேடிக்கை. சமஸ்தானத்துக்குக் கடற்கரையே இருந்ததில்லை. தஞ்சை மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பக்கத்துப் பகுதிகள் வந்து சேர்ந்த பிறகுதான், கோட்டைப்பட்டினத்து அலையும் மணமேல்குடி அலையும் ‘நம்ம’ மாவட்டத்து அலைகள் ஆயின!

சரி, எப்படி வரைவது? பழைய வரைபடம் ஒன்று வேண்டும். இந்தியச் சட்டப்படி, அரசு வெளியிட்ட வரைபடத்துக்கு 60 ஆண்டுகள் கடந்தால் காப்புரிமை முடிந்துவிடும். அப்படிப்பட்டதைத் தாராளமாகப் பார்த்து வரையலாம். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிப்பது மட்டும் கூடாது. தேர்வில் காப்பி அடிப்பது போலத்தான் அதுவும்.

அடுத்தது குண்டூசி வேலை. பழைய வரைபடத்தைப் படம் பிடித்து, கணினியில் புதிய வரைபடத்தின் மேல் விரிக்க வேண்டும். பழைய காகிதம் சுருங்கியிருக்கும், மடிப்பில் இழுத்திருக்கும். அதனால் இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து, இதுவும் அதுவும் ஒன்று என்று குத்த வேண்டும். திருமயம் கோட்டை நிற்கும் குன்று, திருக்கோகர்ணத்தின் குடைவரைக் கோயில், சித்தன்னவாசல் மலை... இவையெல்லாம் எங்கேயும் ஓடிப் போகாதே! புள்ளிகள் ஒரே மூலையில் குவியாமல் நான்கு பக்கமும் பரவியிருந்தால், பழைய படம் புதியதன் மேல் கச்சிதமாக உட்காரும். பிறகு குளத்தின் கரையைச் சுற்றிக் கோடு இழுத்து, பெயரையும் ஆண்டையும் எழுத வேண்டியதுதான். ஆண்டு சரியாகத் தெரியவில்லையா? ‘ஏறத்தாழ’ என்று பதியவும் வழி இருக்கிறது. எந்த வரைபடத்தில் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

அந்தப் பழைய வரைபடங்கள் லேசில் வந்தவை அல்ல. 1802இல் சென்னையில் வில்லியம் லாம்ப்டன் நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன்! 1808இல் தஞ்சாவூர் பெரிய கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கிவிட்டது. மனிதர் அசரவில்லை. வாரக்கணக்கில் தனியே உட்கார்ந்து தட்டித் தட்டி நேராக்கி, மறுபடியும் அளக்கக் கிளம்பிவிட்டார்.

அதற்கும் முன்னால் நம் ஊரில் வரைபடம் இல்லையா? இருந்தது, கல்லில்! கோட்டுக்குப் பதில் எழுத்து. ஒரு நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தால், கிழக்கே எந்த வாய்க்கால், தெற்கே எந்தக் குளம், மேற்கே எது, வடக்கே எது என்று நான்கு எல்லையையும் செதுக்கி வைத்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் 1929இல் புத்தகமாகவே அச்சாகியிருக்கின்றன. அவற்றில் வரும் குளத்தையும் வாய்க்காலையும் தேடிப் பிடித்தால், ராஜராஜ சோழன் காலத்துக்கும்கூடப் பட்டையை நகர்த்தலாம்!

‘இல்லாத குளத்தை எதற்கு வரைய வேண்டும்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சென்னை மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை. ஏரியைப் பார்க்கும் சாலை என்று பொருள். போய்ப் பார்த்தால் ஏரியைக் காணோம்! 1920களில் அந்த நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. குளத்தை மூடிவிடலாம், ஆனால் பள்ளத்தை நோக்கி ஓடும் பழக்கத்தை மழைத்தண்ணீர் விடாதே! 2015 டிசம்பரில் சென்னையே மிதந்தபோது, மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் குறித்துக் காட்டினார்கள். எங்கெங்கே ஏரி இருந்தது என்ற பழைய வரைபடமும் பக்கத்தில் இருந்தால், அடுத்த மழைக்கு முன்பே எச்சரிக்கையாக இருக்கலாம் அல்லவா?

புதுக்கோட்டை ஆறுகளை நம்பிய ஊர் அல்ல, குளங்களையும் கண்மாய்களையும் நம்பிய ஊர். திவான் சேஷையா சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்லவன்குளத்தையும் புதுக்குளத்தையும் சீர்செய்தார். அவை இன்றும் இருக்கின்றன. பெயர்கூடத் தெரியாமல் போன குளங்களைத்தான் நாம் தேட வேண்டும். அவை எல்லாம் காகிதத்திலும் இல்லை. சில, பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. தாத்தா பாட்டியிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். சின்ன வயதில் எங்கே குளித்தார்கள், குடிக்கும் தண்ணீர் எந்த ஊருணியிலிருந்து வந்தது, மாட்டை எங்கே குளிப்பாட்டினார்கள் என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். கணினியில் ஏற்றும்போது பெற்றோரோ ஆசிரியரோ கூட இருக்கட்டும். யார் வீடு யாருடையது என்றெல்லாம் எழுத வேண்டாம், இடங்கள் போதும்.

தாத்தா ஓரிடத்தையும் பாட்டி வேறோர் இடத்தையும் காட்டுகிறார்களா? இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். புதருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் சும்மா நிற்கின்றனவா? அது குமிழித் தூணாக இருக்கலாம். கண்மாயின் உட்புறத்தில், தண்ணீரைத் திறந்துவிட நட்ட தூண் அது. அதில் எழுத்துகூட வெட்டியிருக்கும். அப்படி இருந்தால் தாத்தா பாட்டி வழக்கில் ஜெயித்தது யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்!