பெட்டி கட்டும் முன் நேம் பிளேட்டைப் படியுங்கள்

ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கம் ஏதாவதொரு பட்டறையில் ஜப்பானிலிருந்து வந்த சிஎன்சி மெஷின் ஓடினால், அதை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். அது டிரான்ஸ்பார்மர். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் மூன்று பேஸ் மின்சாரம் 200 வோல்ட், நம்மூரில் 415. நடுவில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மெஷினின் கன்ட்ரோல் கருகிவிடும். அதனால்தான் வோல்ட் விவரம் எழுதிய நேம் பிளேட்டைப் படிக்காமல் நல்ல எலக்ட்ரீஷியன் ஒயரைத் தொடமாட்டார்.

அதே ஊரிலிருந்து பயிற்சிக்கு ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும், மேல்படிப்புக்கு அமெரிக்காவுக்கும் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். அப்போது மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டர் சாமான்களை எதையும் படித்துப் பார்க்காமல் பெட்டியில் அடுக்கிவிடுகிறோம். பட்டறையில் இருக்கும் பழக்கம் வீட்டுக்கும் வரவேண்டும்.

எந்த நாட்டில் எவ்வளவு?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூர், துபாயிலும் இதேதான். பிளக் வடிவம் மட்டும் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்.

ஏன் இந்த வேறுபாடு? எடிசன் 1882-ல் நியூயார்க்கில் தொடங்கிய விநியோகம் 110 வோல்ட் அளவில் இருந்தது. அமெரிக்கா அதையொட்டியே வளர்ந்தது. வோல்ட் கூடினால் மெல்லிய செம்புக் கம்பியே போதும் என்பதால் ஐரோப்பா 220-க்கு ஏறியது. ஜப்பானில் டோக்கியோ 1895-ல் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது. ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. அதனால் இன்றும் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60.

எது தாங்கும்?

லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்ற இடத்தில் 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் மேலே சொன்ன எல்லா நாட்டிலும் ஓடும். உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சுற்று, வரும் ஏசியை டிசியாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வோல்ட் குறைந்தால் வெட்டும் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும். செல்போன் சார்ஜர்களும் மானிட்டர்களும் பெரும்பாலும் இந்த வகைதான்.

டெஸ்க்டாப்பில் கவனம் தேவை. இந்தியச் சந்தைக்கென்றே வரும் விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 200–240 வோல்ட் என்றுதான் இருக்கும். அமெரிக்காவில் அது ஓடாது. அங்கே போய் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றலாம். பழைய மாடல்களின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அங்கே 115-க்குத் தள்ளிவிட்டு, ஊர் திரும்பியதும் மறந்துபோய் 230-ல் செருகினால், உள்ளே கெபாசிட்டர் வெடித்துவிடும்.

எதை விட்டுச் செல்வது?

அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ லேசர் பிரின்டரைக் கொண்டுபோகாதீர்கள். மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஹீட்டர் நேராக மெயின் மின்சாரத்தில் ஓடுகிறது. 230 வோல்ட் ஹீட்டருக்கு 120 கொடுத்தால் கால் பங்கு சூடுதான் கிடைக்கும். கன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமென்றால், அந்த லோடைத் தாங்கும் டிரான்ஸ்பார்மரைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். யூபிஎஸ், ஸ்டெபிலைசர் இரண்டும் நம்மூர் வோல்ட்டுக்கென்றே செய்தவை, வீட்டிலேயே இருக்கட்டும்.

அங்கிருந்து இங்கே வருவது இன்னும் ஆபத்து. 120 வோல்ட் ஹீட்டரை 230-ல் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடேறும். அமெரிக்காவில் வாங்கிய சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இங்கே செருகினால் தீப்பிடிக்கக்கூடும்.

பிளக் வேறு, வோல்ட் வேறு

கடையில் கிடைக்கும் டிராவல் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைத் தொடாது. பலவற்றில் எர்த் இணைப்பே இருப்பதில்லை. உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் கை வைத்தால் சுருசுருவென்று இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இதற்கு எளிய வழி உண்டு. சார்ஜரிலிருந்தும் டெஸ்க்டாப்பிலிருந்தும் கழற்ற முடிகிற பவர் கார்டை இங்கேயே விட்டுவிட்டு, போகும் நாட்டில் எர்த் பின் உள்ள கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜர் பக்கமுள்ள முனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாமான்களையெல்லாம் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் திருப்பிப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். 100–240 என்றிருப்பது பெட்டிக்குள் போகட்டும், மற்றது அலமாரிக்கு. பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தினமும் நேம் பிளேட் படிக்கும் கண் அவருடையது.