பெருவிரல் ஓரம் புடைத்து வலிக்கிறதா? முதலில் சப்பாத்தைப் பாருங்க

'பனியன்' என்றதும் சட்டைக்குள் போடும் உடுப்புதான் ஞாபகம் வரும். இது வேற. கால் பெருவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து, விரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்வதற்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில்தான் பெயர். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து தினமும் ஈப்போவுக்குப் போய், பேரங்காடியில் கூர்முனைச் சப்பாத்தோடு எட்டு மணி நேரம் நிற்கிறவரா நீங்க? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

பலர் நினைப்பது போல அங்கே புதிதாக எலும்பு முளைக்கவில்லை. பாதத்து எலும்பு ஒரு பக்கமும் பெருவிரல் எதிர்ப்பக்கமும் நகர்வதால் மூட்டு துருத்திக்கொண்டு சப்பாத்தில் உரசுகிறது. வீக்கமும் எரிச்சலும் பெரும்பாலும் அந்த உரசலால்தான்.

பாதத்தின் அமைப்பு குடும்பவழி வரும். அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வரலாம். ஆனால் சப்பாத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 1958-இல் ஹாங்காங்கில் இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சப்பாத்து அணிந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கு விரல் சாய்ந்திருந்தது. வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் அது 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தோட்டத்தில் வெறுங்காலோடு திரிந்த பாட்டியின் அகன்ற விரல்களை நினைத்துப் பாருங்க. (அவங்க காலை அட்டையும் முள்ளும் பதம் பார்த்தது தனிக்கதை.)

'விரலை நேராக்கும்' என்று இணையத்தில் விற்கும் பட்டைகளை வாங்கலாமா? போட்டிருக்கும்போது வலி குறையலாம். கழற்றினால் விரல் பழைய இடத்துக்கே போய்விடும். அந்தக் காசை அகலமான சப்பாத்தில் போடுவது நல்லது. காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்க. அதன்மேல் சப்பாத்தை வையுங்க. கோடு வெளியே தெரிந்தால் அது உங்க காலுக்கானது இல்லை. கடைக்கு மாலையில் போங்க, நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். புடைப்பின்மேல் மெத்தை ஒட்டுவது, துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது, இரண்டும் உதவும்.

"வேலையில குதிகால் சப்பாத்துதான் போடணும்னு சொல்றாங்களே?" ஜப்பானில் 2019-இல் யூமி இஷிகாவா தொடங்கிய 'கூட்டூ' இயக்கம் கேட்டதும் இதைத்தான். அங்கே சப்பாத்துக்கும் வலிக்கும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேலாளரிடம் காட்டுங்க. கேட்பதில் தப்பில்லை.

வலி நிற்கவில்லையா? ஊரில் 1911 முதல் இருக்கும் பஹாகியா மருத்துவமனை மனநலத்துக்கானது. நீங்க போக வேண்டியது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்து எலும்பு நிபுணரிடம் அனுப்புவாங்க. எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை வலிக்குத்தான், அழகுக்கு இல்லை. பல வாரங்கள் தனிச் சப்பாத்தோடு நடக்கணும், வீக்கம் வடிய மாதங்கள் ஆகலாம், சிலருக்குத் திரும்பவும் வரும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீங்க. ஒரே ராத்திரியில் மூட்டு சிவந்து, சூடாகி, தொடவே முடியாமல் வலித்தால் அது கவுட்டாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் புடைப்பின்மேல் தோல் உரிந்து சின்னப் புண் வந்தால், வலிக்காவிட்டாலும் அன்றைக்கே கிளினிக் போகணும்.