‘இன்று பறக்க வேண்டாம்’ என்று சொல்வது யார்?

புதுதில்லி: மைசூரு மண்டகள்ளி விமான நிலையத்திலிருந்து தனியார் சிறு விமானம் ஒன்று கிளம்ப வேண்டுமெனில், எரிபொருள் நிரப்பினால் மட்டும் போதாது. புறப்படும் இடம், செல்லும் வழி, சேருமிடம் ஆகியவற்றின் வானிலை நிலவரத்தை விமானி பெற வேண்டும். தற்காலிக வான்வெளித் தடைகளைத் தெரிவிக்கும் ‘நோட்டாம்’ அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும். பயணத் திட்டத்தை அளித்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும். மைசூரு கர்நாடகத்தில் இருந்தாலும், அதன் வான்வெளி சென்னை மண்டலத்தைச் சேர்ந்தது.

இவை வெறும் சடங்குகள் அல்ல. கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானங்களுக்குப் பொதுவாக 5 கி.மீ. தொலைவு வரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. மைசூருக்கு மேற்கே குடகு, தெற்கே நீலகிரி என மலைகள் உள்ளன. பருவமழைக் காலத்தில் மேகம் தாழ்ந்தால் மலைமுகடு மறைந்துவிடும். வான்வெளியும் எந்நேரமும் திறந்திருப்பதில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன.

விதிகள் இருந்தும், மோசமான வானிலையில் பறந்து நாடு இழந்த தலைவர்கள் பலர். மக்களவையில் காங்கிரஸ் துணைத் தலைவராக இருந்த மாதவராவ் சிந்தியா, கான்பூர் பொதுக்கூட்டத்துக்காகத் தில்லியிலிருந்து தனியார் விமானத்தில் சென்றார். 2001 செப்டம்பர் 30-ல் உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே அது விழுந்தது. 4 பத்திரிகையாளர்கள் உள்பட 8 பேரும் உயிரிழந்தனர். சிந்தியா முன்பு விமானப் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர். 5 மாதங்களில், 2002 மார்ச் 3-ல், மக்களவைத் தலைவர் பாலயோகியும் ஆந்திரத்தின் கைகலூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்தார்.

2009 செப்டம்பர் 2-ல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற அரசு ஹெலிகாப்டர், நல்லமலைக் காட்டில் விழுந்து ஐவரும் மாண்டனர். எண்ணெய் அழுத்தம் குறித்த எச்சரிக்கையில் விமானிகளின் கவனம் சிதறியது. கடும் கீழ்நோக்கிய காற்றில் ஹெலிகாப்டர் சிக்கியது என்று தியாகி குழு கண்டறிந்தது. 2021 டிசம்பர் 8-ல் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத்தை குன்னூர் அருகே பலிகொண்ட விபத்திலும், பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததாக முப்படை விசாரணை கூறியது.

தரையில் பார்த்த முன்னறிவிப்பு தொடக்கம் மட்டுமே என்பதை இவை உணர்த்துகின்றன. வழியில் மேகம் திரண்டால் திரும்பிவிடும் துணிவும் வேண்டும். சர்வதேச விதிகளின்படி இறுதி முடிவு விமானியுடையது. ஆனால், மைதானத்தில் தொண்டர்கள் காத்திருக்க, அடுத்தடுத்து மூன்று கூட்டங்கள் குறிக்கப்பட்டிருக்க, வாடகைக்கு அமர்த்தப்பட்ட விமானி தலைவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிதன்று.

அந்தச் சொல்லுக்கு இடம்விட்டுச் சுற்றுப்பயணத்தை வகுப்பது கட்சிகளின் கடமை. சாலைவழி மாற்று ஏற்பாடு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தலைவர் தாமதமாக வந்தால் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். வராமலே போனால் தொகுதியும் நாடும் இழப்பது ஏராளம்.