அடைக்கு வந்த கோழியை என்ன செய்வது?

கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வருகிறதா, கூடையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதா? கோழி அடைக்கு வந்துடுச்சு. இனி முட்டை நின்றுபோகும். வெறுங்கூடையில் வாரக்கணக்கில் விட்டால் கோழியும் மெலிந்துபோகும். அதனால் முடிவை உடனே எடுங்க.

குஞ்சு வேணும்னா, ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாகப் பார்த்து, உடம்புக்குள் அடங்கும் அளவுக்கு 10 முதல் 12 வரை வைக்கலாம். மணல் பரப்பி, மேலே வைக்கோல். பலரும் கோட்டை விடுவது செள் விஷயத்தில்தான். செள் ஏறினால் கோழி பாதியிலேயே அடையை விட்டு எழுந்துடும். வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை, நொச்சி போடுங்க. தினம் ஒருமுறை இறக்கிவிட்டு, கம்பும் தண்ணீரும் காட்டி, சாம்பல் கலந்த மண்ணில் புரளவிடுங்க. கால் மணி நேரத்தில் அதுவே திரும்பிடும். 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்போடாத முட்டையை எடுத்துடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரியும்.

குஞ்சு வேண்டாமா? மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வதை. அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், நிழலில், தீவனம் தண்ணீரோடு மூணு நாலு நாள் வைங்க. வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளிஞ்சிடும்.