கிட்டாரின் குறையும் கிட்டார் மேதைகளும்

உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர் யார் என்ற பேச்சு வந்தாலே அது பெரும்பாலும் விரல் வேகத்தில்தான் போய் நிற்கிறது. வேகத்தை அளந்துவிடலாம் என்பதால் அது வசதியான அளவுகோல். ஆனால் ப்ளூஸ், ஜாஸ், ராக், இந்துஸ்தானி, ஃப்ளமென்கோ என வெவ்வேறு மரபுகளில் கொண்டாடப்படும் கலைஞர்களை அடுத்தடுத்துக் கேட்டால் வேறொன்று பிடிபடும். கிட்டாருக்குப் பிறவியிலேயே இரண்டு குறைகள் உண்டு. தந்தியை மீட்டிய கணத்திலேயே நாதம் தேயத் தொடங்கிவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க வயலினுக்கு இருக்கும் வில்லோ, புல்லாங்குழலுக்கு இருக்கும் மூச்சோ இதற்கு இல்லை. போதாததற்கு, கழுத்தில் பதித்த மெட்டுகள் சுரங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவது கடினம். இந்தக் குறைகளோடு மல்லுக்கட்டி, அந்தப் போராட்டத்திலிருந்தே தமக்கென ஒரு குரலை உண்டாக்கிக்கொண்டவர்களே பெரிய கலைஞர்கள் என்பது என் கட்சி.

மிசிசிப்பியில் 1925இல் பிறந்த பி.பி. கிங்கைப் பாருங்கள். அவருடைய தாய்வழி உறவினர் புக்கா வைட், தந்தியின் மேல் உலோகத்தை வழுக்கவிட்டு வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரில் வல்லவர். கிங்குக்கு அந்த உத்தி கைவரவே இல்லை. அந்த ஒலியைத் தேடித்தான் தந்தியை அழுத்திய இடக்கை விரலை விடாமல் அதிரவைக்கப் பழகினார். தேய வேண்டிய சுரம் நடுங்கியபடி உயிரோடு நின்றது. இன்றும் ஒற்றைச் சுரத்தைக் கேட்டதும் அது கிங் என்று சொல்லிவிட முடிகிறது. அதிவேகம் அவருடைய வழியல்ல. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகள் தமக்குச் சரியாக வராது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடும்போது வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார். மீதியைக் கிட்டார் சொல்லும். வேகத்தை மட்டும் அளப்பவர்களின் பட்டியலில் இப்படிப்பட்டவருக்கு இடமே இருக்காது.

நாதத்தை நீட்டித்தது மின்சாரம்தானே, கலைஞருக்கு அதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய ஜாஸ் குழுக்களில் சாக்சபோன்களின் முழக்கத்துக்கு நடுவே கிட்டாரின் வேலை பெரும்பாலும் தாளத்துக்குக் கார்டு போடுவதாகவே இருந்தது. 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், மின்கிட்டாரில் சாக்சபோனைப் போலவே நீண்ட தனி இசைத்தொடர்களை வாசித்தார். 1942இல் 25 வயதில் இறந்துவிட்டார். அதற்குள் ஜாஸ் கிட்டாரின் போக்கே மாறியிருந்தது. ஸ்பீக்கரின் ஒலி தந்தியையே மீண்டும் அதிரவைத்து எழுப்பும் ஃபீட்பேக் இரைச்சலைப் பலர் கோளாறு என்று தவிர்த்தார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதற்குள் தேயாத நாதத்தைக் கண்டார். 1969இல் உட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க நாட்டுப்பண்ணை அதைக்கொண்டே அலறவும் விம்மவும் வைத்தார். அதே கருவிகள் ஆயிரக்கணக்கானோர் கையிலும் இருந்தன என்பதே அந்தக் கேள்விக்குப் பதில்.

மெட்டுகளின் தடை நம் இசைக்காரர்களுக்கு இன்னும் பெரியது. கமகம் இல்லாமல் ராகம் ஏது? பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டாரை மடியில் கிடத்தி, ஹவாய் முறையில் தந்திமேல் உலோகத்தை வழுக்கி, மெட்டுகளைத் தொடாமலே இந்துஸ்தானி வாசித்தார். 1967இல் ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மாவோடு அவர் சேர்ந்து வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் அந்த இழைவைக் கேட்கலாம். ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் வேறு வழியில் போனார். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற அவர், மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். தந்தியை ஆழமாக அழுத்தி இழுக்க அது இடம் கொடுத்தது. விக்கு விநாயக்ராமின் கடமும் எல். சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபலாவும் சூழ, சக்தி குழுவில் அவர் வாசித்தது அதில்தான். ஆர். பிரசன்னா மின்கிட்டாரிலேயே கர்நாடக இசையின் கமகங்களைப் பிடிக்கிறார். மூவரில் இவருடைய வழியே எனக்கு மிகக் கடினமானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் மெட்டுகளை விட்டு விலகாமலே அவற்றைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஸ்பெயினிலிருந்து வருகிறது. பாக்கோ தெ லூசியா மின்னல் வேகக்காரர். ஃப்ளமென்கோ கிட்டாரோ நாதம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும்படியே செய்யப்படுவது. அங்கே குறையோடு யாரும் மல்லுக்கட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், குறையையே மூலதனமாக்கிக்கொண்டார்கள். ஆடுபவரின் காலடிக்கும் 12 எண்ணிக்கைச் சுழற்சிக்கும் நீண்டு இழையும் நாதம் உதவாது, ஒவ்வொரு அடியும் தெறித்து விழ வேண்டும். பாக்கோவின் வேகம் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டது; தாளத்தை எடுத்துவிட்டால் அந்த வேகத்துக்குப் பொருளே இல்லை. பெருவில் கேட்ட கஹோன் என்ற மரப்பெட்டித் தாளக்கருவியை 1970களின் இறுதியில் ஃப்ளமென்கோவுக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அடித்ததும் அடங்கிவிடும் அந்தக் கட்டையொலிதான் தம் கிட்டாருக்குத் துணை என்று அவர் காது சொல்லியிருக்கிறது.